முறைப்பெண்

“எம் பொண்ணை உனக்குத் தரமாட்டேன் கண்ணு,” என்று அண்ணன் மகனிடம் கறாராகச் சொன்னாள் கண்ணாயி.

முறைப்பெண்ணைக் கேட்டு வந்த பூபதியின் முகம் சுண்டிப்போனது. “எங்கப்பா மறதி நோய் வந்து செத்தாருன்னு என்னை ஒதுக்கறீங்களா அத்தை?”

“டெஸ்ட்டுல உனக்கும் அந்த மரபணு இருக்குன்னு நீதான சொன்ன?”

“இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லீங்களாம். பொறக்கற குழந்தைக்கு அப்பா, அம்மா ரெண்டு பக்கமிருந்தும் அது வந்தாத்தான் ஆபத்து ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாருங்க. உங்க ஊட்டுல யாருக்கும் இல்லீங்களே!”

“வேண்டாம் கண்ணு. போயிட்டு வா.”

கொண்டுவந்த பலாப்பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு, சேந்தமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான் பூபதி.

உள்ளேயிருந்து மகள் அழுதுகொண்டே வந்தாள். “அவரு சொன்னதுல என்னம்மா தப்பு? நம்ம ஊட்டுல யாருக்கு அந்த நோய் இருக்குது?”

கண்ணாயி கதவைச் சாத்தினாள்.

“ஒரு வருசமா எல்லாரையும் கண்ணு, கண்ணுன்னே கூப்புடறேன். பாசம்னு நெனச்சுட்டீங்க.”

மகளின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, உற்றுப் பார்த்தாள்.

“உம் பேரை ஒருக்கா சொல்லு கண்ணு.”