கணுவில் விட்ட வேர்

ஆனைக்குட்டம் வயலில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் ஒருவழியாக வடிந்திருக்கிறது. காலை வெயிலில் சேறு புதுத் தகரம்போல் மின்னுகிறது. முத்துப்பேச்சி குனிந்து ஒரு நெல்தூரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசுகிறாள். வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து திரும்பும் சாயங்காலங்களில் அவள் சேலையில் அடிக்கும் அதே கந்தக வாடை. "விடு பேச்சி, அம்புட்டும் அளுகிப்போச்சு. உளுது மடக்க டிராக்டர வரச் சொல்லியாச்சு" என்கிறான் வரப்பில் நிற்கும் கணவன் சிவபாண்டி. ரோட்டில் அதன் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அவள் தூரிலிருந்து ஒரு தண்டைப் பிரித்து நகத்தால் நீளவாக்கில் கீறுகிறாள். கம்பெனியில் அவள் நாளெல்லாம் சுருட்டும் காகிதக் குழாயைப்போல உள்ளே வெறும் கூடு. கணுவுக்குக் கணு ஒரு தடுப்பு இருப்பதுதான் வித்தியாசம். ஒரு கணுவைச் சுற்றி, செத்த வேருக்குச் சற்று மேலே, வெள்ளை வெளேரென்று புதுவேர்கள் சோற்றுப்பருக்கை நீளத்துக்கு எட்டிப் பார்க்கின்றன. "செத்த நேரம் பொறுங்க. இங்கன வந்து பாருங்க, புதுசா வேர் விட்டுருக்கு." சிவபாண்டி சேற்றில் இறங்கி வந்து தடவிப் பார்க்கிறான். பக்கத்துத் தூரைப் பிடுங்காமல் அடியில் கைவிட்டுத் துழாவுகிறான், பிறகு அடுத்ததை. "இதுலயும் இருக்குத்தா" என்றவன், இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு டிராக்டரை நோக்கி ஓடுகிறான். சத்தம் அடங்குகிறது. முத்துப்பேச்சியின் விரல்கள் பழக்கதோஷத்தில், கீறிய தண்டை உருட்டி மூடிப் பார்க்கின்றன. விட்டால் விரிந்துகொள்கிறது. மறுபடியும் உருட்டுகிறாள்.