பட்டன் டப்பாவில் மாத்திரை

பட்டன் தேடப் போன கண்டக்டரின் கையில் மாத்திரை வந்தது.

முதலில் அவருக்கே புரியவில்லை. பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னதாக, பட்டன்களோடு பட்டனாகக் கிடந்தன. ஓட்டை இல்லையே என்று ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மலேரியா மாத்திரை. வாங்கி வந்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

கட்டிலில் அவர் மனைவி கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த போர்வையெல்லாம் போர்த்தியும் குளிர் விடவில்லை. வெளியூர் டிரிப் முடிந்து நேற்று ராத்திரி அவர் வந்து பார்த்தால், போன மாதம் விட்ட காய்ச்சல் திரும்ப வந்திருந்தது.

தெருவுக்கே துணி தைத்துக் கொடுப்பவள் அவள். அவள் படுத்துவிட்டதால்தான் யூனிபாரம் சட்டைக்குப் பட்டன் தைக்க அவரே ஊசியைத் தூக்கும்படி ஆயிற்று.

"என்னடி இது?"

டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். அவள் பார்த்தாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"தினமும் என் கையால எடுத்துக் குடுத்தேனே! 'வெறும் வயித்துல வேண்டாங்க, சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேன்'னு வாங்கி வெச்சியே, இதுதான் போட்டுக்கிட்ட லட்சணமா?"

ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற குரல் அது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, உடம்பு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? இந்தக் கூத்தைப் பாருங்கக்கா!" என்றார் கண்டக்டர்.

அக்கா பார்த்தாள். மோவாயில் கை வைத்தாள்.

"இப்படித் தாங்கற புருஷன் யாருக்கு வாய்ப்பான்? ஏம்மா போடலை? ரொம்பக் கசக்குதா?"

"கசப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. கொழுப்பு!" என்றார் கண்டக்டர்.

தாங்குகிறவர்தான். அதில் பொய்யில்லை. அவள் முதல் தடவை படுத்தபோது லீவு போட்டு, சமைத்து, துவைத்து, தலைமாட்டிலேயே கிடந்தார். டிப்போவில் ஒரு மெக்கானிக் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினான். அடுத்த காய்ச்சலில் போனவன்தான். அந்தப் பயம்தான் இவருக்குக் கோபமாக வந்தது.

ஆட்டோ பிடித்தார். அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார். மாத்திரைகளையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். அதே மலேரியா. மேஜைமேல் கண்டக்டர் கொட்டிய மாத்திரைகளைப் பார்த்ததும் அவளுக்கும் ஆத்திரம் வந்தது.

"பெரிய மாத்திரை காய்ச்சலை இறக்கும். ஈரல்ல ஒளிஞ்சிருக்கற கிருமியை இந்தச் சின்ன மாத்திரைதான் துரத்தும். அதை விட்டா இப்படித்தான் திரும்ப வரும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! உன் உயிர்மேல உனக்கே அக்கறை இல்லையா?"

"நல்லாக் கேளுங்க சிஸ்டர்" என்றார் கண்டக்டர்.

நர்ஸ் பெருமூச்சு விட்டு, வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தாள்.

"பெரிய மாத்திரை போட்டப்ப வாந்தி, மயக்கம் ஏதாவது வந்துச்சா?"

"வரலை சிஸ்டர்" என்றார் கண்டக்டர்.

"மஞ்சள் காமாலை வந்திருக்கா?"

"கிடையாது சிஸ்டர்."

"வயித்துல குழந்தை?"

"அதெல்லாம் இல்லை சிஸ்டர். இருந்தா எனக்குத் தெரியாதா?"

அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்வதுபோல் பதில் வந்து விழுந்தது. நர்ஸ் நிமிர்ந்தாள்.

"போன தடவையும் நீங்கதான் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். இப்ப நான் கேட்டது அவளை."

கண்டக்டர் வாயை மூடினார்.

அவள் மெல்லப் பேசினாள். பல் கிட்டிப்போய் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது.

"வயித்துல புள்ளை இருக்கறவங்களுக்கு அந்தச் சின்ன மாத்திரை ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னீங்க சிஸ்டர். அதான் போடலை."

"அடிப்பாவி! அதை அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"அதுக்குள்ள இவர் இல்லைன்னுட்டாரே. அத்தனை பேருக்கு முன்னாடி அவரை எப்படிப் பொய்யாக்கறது? ஏற்கெனவே ரெண்டு தடவை கலைஞ்சிடுச்சு சிஸ்டர். 'நாள் தள்ளினதுமே தண்டோரா போட்டா இப்படித்தான் ஆகும்'னு திட்டினார். அதான் இந்தத் தடவை வயிறு தெரியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

கண்டக்டருக்குத் திட்டினது காதில் ஏறவில்லை. புள்ளை என்பது மட்டும்தான் ஏறியது. மனிதர் பாவம், சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. அவளுடைய சுடுகிற தலையைத் தடவினார்.

"பைத்தியக்காரி, என்கிட்டகூடவா மறைப்பே? சிஸ்டர், இனிமே என்ன செய்யணும், சொல்லுங்க. எதுவானாலும் செய்யறேன்."

நர்ஸுக்கும் கோபம் போய்விட்டது.

"பயப்படாதீங்க. அதுக்கும் வழி இருக்கு. காய்ச்சலுக்கு இப்ப பெரிய மாத்திரை. அப்புறம் பிரசவம் வரைக்கும் வாராவாரம் அதையே குடுத்து, காய்ச்சல் திரும்பாமப் பார்த்துக்கலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தக் காய்ச்சலே வந்திருக்காது, போ. சின்ன மாத்திரையைக் குழந்தை பிறந்தப்புறம் பார்த்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே மேஜையில் கிடந்த சின்ன மாத்திரைகளை ஒதுக்கித் தள்ளினாள்.

கண்டக்டரின் மனைவி கையை நீட்டித் தடுத்தாள்.

"அதையும் குடுங்க சிஸ்டர். முந்தாநாளிலேருந்து நான் அதைப் போடலாம்."