அழாத தம்பி

சாவு வீட்டில் அழுகையை மேற்பார்வை பார்க்க இரண்டு பேராவது இருப்பார்கள். இங்கே அத்தையும் மாமாவும்.

இறந்துகிடந்த அண்ணனின் முகத்தைத் தம்பி மனப்பாடம் செய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூடப் பிறந்தவன் போயிட்டான், கண்ணுல ஒரு சொட்டு வருதா பாரு!" என்றாள் அத்தை.

"கல்லைப் பிழிஞ்சாகூடக் கசியும்," என்றார் மாமா.

அண்ணியும் நிமிர்ந்து பார்த்தாள். அதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, துடைப்பதுபோல் கண்களில் கைவைத்தான். பொலபொலவென்று நீர் வழிந்தது.

அத்தை கட்டிக்கொண்டாள். "இப்பத்தான்டா நீ மனுஷன்!"

"தூக்கப்போறோம். கடைசியா முகத்தைப் பார்த்துக்கோ," என்றார் மாமா.

தம்பி குனிந்தான். நோயில் கண்ணீர் வற்றிப்போன அவனுக்காக அண்ணன் அளவெடுத்துச் செய்யவைத்த, விழிமேல் கிண்ணம்போல் கவியும் லென்ஸ்கள், கண் காயாமலிருக்க உள்ளே நிரப்பியிருந்த உப்புநீரைக் கொட்டிவிட்டு, அவன் கைக்குள் இருந்தன. அவை இல்லாத கண்ணுக்கு அண்ணன் முகம் வெறும் பனிமூட்டம்.

"நல்லாப் பார்த்துக்கிட்டியா?"

"பார்த்துக்கிட்டேன் மாமா."