மூன்றாவது விசில்

ஒலித்துணைத் தொண்டில் பெயர் கொடுத்த வாசுகிக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். எப்போதும்போல் வீட்டில் புழங்க வேண்டும். கரூரில் அவள் சமையலறை அலமாரியில் இருந்த சின்னப் பெட்டி, தினமும் காலையில் இரண்டு மணி நேரம், அந்த வீட்டுச் சத்தத்தையெல்லாம் போர் நடக்கும் ஒரு தூர நாட்டின் நிலவறைக்கு அனுப்பிவிடும். குண்டுக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருக்கும் ஏழு வயது நூரா, அதைக் கேட்டுக்கொண்டுதான் அங்கே கண்ணயர்வாள்.

"நாம சண்டை போட்டாக்கூட அங்க கேக்குமா?" என்று முதல் நாளே கேட்டான் கணவன் தங்கராசு.

"கேக்கட்டும். வீடுன்னா அதுவுந்தான் இருக்கும்."

பல நாள் கழித்து ஒரு காலை, பருப்பு நன்றாக ஊறியிருந்ததால், இரண்டு விசிலிலேயே குக்கரை இறக்கி வைத்தாள் வாசுகி. சற்று நேரத்தில் பெட்டி பேசியது. இத்தனை நாளில் அந்தப் பக்கமிருந்து ஒரு சொல்கூட வந்ததில்லை. சிறுமியின் குரல் தமிழாகிக் கேட்டது.

"அக்கா, மூணாவது விசில் வரலையே. உங்க வீட்டு மேல ஏதாவது விழுந்துடுச்சா? எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?"

தங்கராசு பெட்டியருகே குனிந்தான்.

"ஒண்ணும் ஆகலை கண்ணு. இப்ப வந்துரும், கேளு."

பருப்பு குழைந்தால் குழையட்டும் என்று வாசுகி குக்கரை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். இருவரும் அதையே பார்த்தபடி நின்றார்கள். விசில் வந்தது.

"மூணு," என்றது பெட்டிக்குள்ளிருந்து பாதித் தூக்கத்தில் ஒரு குரல்.