புருவத்துத் தழும்பு

அது ஞாயிற்றுக்கிழமையா, வேறு நாளா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்தான். வரதராஜன்பேட்டையில் ஜெனிட்டாவைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா லூர்து மேரி பட்ட பாடு மட்டும் நினைவிருக்கிறது.

"புருவத்துத் தழும்பைக் கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, ஜெனிட்டா. ஹாஸ்டல்ல ரக்பி ஆடினதைச் சொல்லி ரெண்டு இடம் தட்டிப் போச்சு. இதுவும் போயிறக் கூடாது."

"சரிம்மா" என்று ஜெனிட்டா சிரித்தாள்.

பெரம்பலூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, ஜெனிட்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புருவத்தைத் தடவினார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க" என்று லூர்து மேரி முந்திக்கொண்டார்.

"பாத்ரூமா? ஆளை மடக்கிப் பிடிக்கிறப்ப தலையைக் குனியாதேன்னு கத்தினேன். கேட்டாளா? தையல் போடத் தூக்கிட்டு ஓடினதே நான்தாங்க. இவளோட கோச் செலின்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

லூர்து மேரி மகளைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியும்மா. நாலு பேர் முன்னாடி வாயே திறக்காத என்னை கேப்டனாக்கினது அவங்கதான். அவங்க வூட்டுலேர்ந்து கேட்டாங்கன்னதும் மாப்பிள்ளை போட்டோவைக்கூடப் பார்க்கலை. சரின்னுட்டேன்."

"அப்ப மாப்பிள்ளை?"

"இப்பதான் பார்த்தேன். பரவாயில்லை."

கல்யாணம் நடந்தது. மாமியாரும் மருமகளும் பெரம்பலூரில் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லித் தருகிறார்கள். மாப்பிள்ளை கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார். தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் லூர்து மேரி இன்னமும் பாத்ரூம் என்றுதான் சொல்கிறார்.