ஒரு மாடி வித்தியாசம்

லிஃப்டை அடியோடு நிறுத்திய குடியிருப்புச் சங்கத் தலைவரே மறுபடியும் ஜெயித்தார். லிஃப்டை ஓட வைப்பதாகச் சொல்லி அவரை எதிர்த்து நின்ற டீச்சர், இரண்டே ஓட்டில் தோற்றுப்போனார்.

மறுநாள் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் மாடித் தையல்காரரைப் பார்த்ததும் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களுமா அவருக்குப் போட்டீங்க?"

"ஆமா டீச்சர். எனக்கு அஞ்சு மாடியோட போச்சு. ஆறாவது மாடிக்காரன் அந்த மூச்சு இழுப்போட இன்னும் ஒரு மாடி ஏறணுமே!" தையல்காரர் முகத்தில் பரம திருப்தி.

டீச்சர் விடவில்லை. மூச்சு வாங்க ஏறிப்போய் ஆறாவது மாடிக் கதவைத் தட்டினார்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"தலைவருக்குத்தான். எனக்கு வெறும் இழுப்பு. கீழ இருக்கறவனுக்கு மூட்டே தேஞ்சு போச்சே!" என்று மூச்சிரைத்துக்கொண்டே சிரித்தார், தையல்காரரின் கூடப்பிறந்த அண்ணன்.