ஆறாவது அம்புமுனை

காந்தம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அப்படியும் எல்வுட்டுக்குச் சந்தேகம் தீரவில்லை. கையிலிருந்த அம்புமுனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதைக் கொண்டுவந்த பெண்ணையும் அதே கண்ணால் ஏற இறங்கப் பார்த்தார்.

விஸ்கான்சினில், சந்தை மைதானத்துக் கொட்டகையில் அன்று பழைய வேட்டை அம்புமுனைகள் சேகரிப்பவர்களின் கூட்டம். மேசைக்கு மேசை, முனைகளை வரிசையாகப் பதித்த பலகைகள். கூட்டம் மொய்த்தது என்னவோ எல்வுட்டின் பலகையைத்தான். ஹோல்ஸ்டெட் என்ற மனிதர் ரம்பத் தகட்டை வெட்டித் தன் வீட்டுக் கார் ஷெட்டில் செய்தது மொத்தமே ஆறு முனைகள். அதில் ஐந்து எல்வுட்டிடம் இருந்தன.

ஆறாவதும் ஒரு காலத்தில் அவரிடம் இருந்ததுதான். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வேட்டையில் காட்டோடு போய்விட்டது. பலகையில் அதன் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். கண் மூடுவதற்குள் அதை நிரப்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

இப்போது யாரோ வெர்னாவாம், ஐம்பது வயதிருக்கும், பஞ்சு வைத்த மருந்துப் புட்டியிலிருந்து அந்த ஆறாவதை எடுத்து நீட்டுகிறாள். விலை கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"விக்கிறதுக்கு இல்லைங்க. இது யாரோடதுன்னு தெரியணும், அவ்வளவுதான். எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க."

இந்த மாதிரி ஆட்களை எல்வுட் நிறையப் பார்த்திருக்கிறார். புதிதாக ஒன்றைச் செய்து, விவரம் தெரிந்தவர் வாயாலேயே அதற்கொரு கதையை வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர்க் கூட்டத்தில் எவன் தலையிலாவது கட்டிவிடுவார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மச்சான் டெல்பர்ட்டே போன வருடம் அப்படித்தான் ஏமாந்தார். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

"அசல்னா துரு எங்கம்மா?" என்றார் எல்வுட். "இத்தனை வருஷம் காட்டுல கிடந்த இரும்பு இப்படியா பளபளன்னு இருக்கும்?"

"காட்டுல கிடக்கலைங்க. எங்க வீட்டு அலமாரியில இருந்தது."

அலமாரிக்கு எப்படி வந்ததாம் என்று கேட்டார். அம்மா ஒளித்து வைத்திருந்தாள், போன மாதம் அம்மா போன பிறகுதான் கண்ணில் பட்டது என்றாள். புட்டியில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி லேபிள்கூடப் பாதி உரிந்து, வேண்டிய அளவுக்குப் பழசாகத் தெரிந்தது. கைகாரிதான், எதையும் விட்டுவைக்கவில்லை என்று எல்வுட் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

சரி, குட்டை உடைத்துவிடலாம் என்று லென்ஸை எடுத்தார். அந்த நாளில் வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் முனையில் அரத்தால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வார்கள். ஒரே மானுக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் அந்த அடையாளம் சொல்வதுதான் தீர்ப்பு. மச்சானை மருந்துக்கும் நம்பாத எல்வுட், தன் அடையாளத்தைத் தண்டு செருகும் குழலின் உள்பக்கத்தில் போட்டிருந்தார். மூன்று கீறல், நடுவில் இருப்பது மட்டும் சாய்வாக. டெல்பர்ட்டுக்கே தெரியாதது போலி செய்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

குழலுக்குள் பார்த்தார். லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மூன்று கீறல்களும் இருந்தன, நடுக்கீறல் சாய்ந்திருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நேரம் தப்பாக நினைத்ததற்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.

"இது என்னோடதும்மா. என் கையால போட்ட கீறல்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வேற யாருக்காவது குடுத்து வாங்கினீங்களா?"

"பெத்த பையனையே தொட விட்டதில்ல. என் வில்லுல இருந்துதான் போச்சு."

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. வடக்கே, தெரியாத காட்டில், வேட்டைப் பருவத்தின் கடைசி நாளாம். மூடுபனி இறங்கிய சாயங்காலத்தில் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்ததாம்; விட்டாராம்; விழுந்த சத்தமும் கேட்டதாம். இருட்டோடு மழையும் பிடித்துக்கொள்ள, தேடிப் பார்க்காமலே அவரும் டெல்பர்ட்டும் காரை எடுத்து ஊர் திரும்பிவிட்டார்களாம்.

"எட்டுக் கிளைக் கொம்பும்மா அதுக்கு. அப்படி ஒரு கலைமானை அப்புறம் நான் பாக்கவே இல்ல."

டெல்பர்ட், வாயில் வைத்த மான்கறி சாஸேஜை எடுத்துவிட்டுச் சிரித்தார். "போன வருஷம் சொன்னப்போ ஆறு கிளைதான் மச்சான். செத்த மானுக்கும் கொம்பு வளருது போல."

வெர்னா சிரிக்கவில்லை. அம்புமுனையை எல்வுட்டின் விரல்களிலிருந்து மெதுவாக வாங்கி, பஞ்சில் சுற்றி, புட்டிக்குள் போட்டு மூடினாள்.

எல்வுட் பதறிப்போனார். பலகையின் காலி இடத்தைத் தொட்டுக் காட்டி, என்ன கேட்டாலும் தருகிறேன், அதை மட்டும் கொண்டுபோய்விடாதே என்று கெஞ்சினார். அவள் அந்த இடத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"கொம்பெல்லாம் இல்லைங்க," என்றாள். "பழுப்புத் தொப்பிதான் போட்டிருந்தார், எங்கப்பா."